பத்துப் பேர், ஒரு நிரல்: தன்னார்வக் குழுவுக்கு எந்த ஏற்பாடு சரிவரும்?

சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் சேர்ப்பது சென்னையில் பெரிய பாடு இல்லை. தரமணியில் தொடங்கிச் சிறுசேரி வரை நிரல் எழுதிப் பிழைக்கிறவர்கள் நிறைந்த ஊர் இது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர் குழு ஒன்று 1990களின் இறுதியிலிருந்து இங்கே இயங்கிவருகிறது. ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடி அது வளர்த்துவிட்ட தலைமுறை இன்று நகரத்தின் எல்லா மூலைகளிலும் இருக்கிறது. தமிழுக்கு நல்ல சொற்பிழை திருத்தி ஒன்று செய்வோம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னால் போதும், பத்துக் கைகள் உயரும். ஆறு மாதம் கழித்து அந்தப் பத்தில் எத்தனை மிஞ்சும் என்பதில்தான் சிக்கல். ஆர்வம் வற்றிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நான் பார்த்தவரை, தான் எழுதி அனுப்பியது என்ன ஆயிற்று என்றே தெரியாமல்தான் பெரும்பாலானவர்கள் விலகிப் போகிறார்கள்.

எங்கள் குழு இப்போது இந்த முடிவை எடுக்க வேண்டிய கட்டத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், வேலையில் இருப்பவர்கள் ஐந்து பேர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். எழுதுவது சொற்பிழை திருத்தி. சொற்பட்டியல், இலக்கண விதிகள், உலாவியில் வேலை செய்யும் நீட்சி என மூன்று பகுதிகள். யார் எழுதியதை யார் பார்ப்பது, எங்கே வைப்பது, எங்கே பேசுவது? மூன்றுக்கும் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டே கேள்விகளால் அளந்து பார்க்கலாம் என்பது என் கருத்து. புதிதாக வரும் ஒருவர் அனுப்பும் முதல் திருத்தத்துக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கும்? முக்கியமான ஒருவர் இரண்டு மாதம் காணாமல் போனால் வேலை நகருமா?

இரண்டாவது கேள்வி கற்பனை அல்ல. தன்னார்வலர்கள் காணாமல் போவதற்குப் பஞ்சாங்கமே போடலாம். நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் பல்கலைக்கழகத் தேர்வுகள். மாணவர்கள் இருக்க மாட்டார்கள். மார்ச் வந்தால் நிறுவனங்களில் ஆண்டு முடிவும் மதிப்பீடும். வேலையில் இருப்பவர்களைப் பார்க்க முடியாது. ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு பதினொரு மணிவரை கூட்டத்தில் உட்காருகிறவருக்கு மிஞ்சுவது ஞாயிறு முற்பகல் மட்டும்தான். அந்த ஒரு முற்பகலைக் காத்திருப்பில் வீணடிக்காத ஏற்பாடு எதுவோ அதுவே நல்ல ஏற்பாடு.

எல்லாருக்கும் எல்லா உரிமையும்

பத்துப் பேரும் நிரலின் பொதுப் பிரதியான முதன்மைக் கிளையில் நேரடியாக மாற்றங்களைச் சேர்க்கலாம் என்பது முதல் வழி. தொடக்கத்தில் எல்லாக் குழுக்களும் இப்படித்தான் இருக்கின்றன. மூன்று நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்வரை இதைவிடச் சிறந்தது வேறில்லை. காத்திருப்பே கிடையாது. ஒருவர் தேர்வுக்குப் போய்விட்டால் மற்றவர்கள் பாட்டுக்கு வேலை செய்வார்கள். என் இரண்டு கேள்விகளிலும் முழு மதிப்பெண் வாங்கும் ஏற்பாடு இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் நிரலுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் ‘மொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். மகரத்தை அடுத்து ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாகப் போடுவது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகப் போடுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு. குழுவில் ஒருவர் பழைய கோப்பு ஒன்றிலிருந்து சில ஆயிரம் சொற்களை எடுத்துப் பட்டியலில் இருந்தவற்றின் மேல் பதிந்துவிட்டார். அந்தக் கோப்பில் இரண்டாவது விதம் இருந்தது. அன்று மாலையே மொழி, சொல், கொடி, தொழில் என ஒகரம் உள்ள சொற்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு விழுந்தது. சரியான தமிழையே பிழை என்று சொல்லும் சொற்பிழை திருத்தியை யார் வைத்துக்கொள்வார்கள்?

சீர்செய்வது எளிது. உள்ளே வரும் எல்லாச் சொற்களையும் ஒரே விதமான பதிவுக்கு மாற்றும் ஒற்றை வரி பெரும்பாலான நிரல் மொழிகளில் உண்டு. கவனிக்க வேண்டியது இந்தப் பிழை எப்படிக் கண்ணில் பட்டிருக்கும் என்பதை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்டும் திரையில், நீக்கப்பட்ட வரி சிவப்பில் ‘மொழி’ என்றும், சேர்க்கப்பட்ட வரி பச்சையில் அதே ‘மொழி’ என்றும் இருந்தன. வரிவரியாக அப்படியே. இரண்டாவது ஆள் ஒருவர் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால், ஒன்றும் மாறவில்லையே, பிறகு ஏன் சிவப்பும் பச்சையும் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு இடமே இல்லாததுதான் எல்லாருக்கும் உரிமை கொடுக்கும் ஏற்பாட்டின் குறை. தானியங்கிச் சோதனைகள் நிறைய எழுதிவைத்தால் பாதிக் குறை தீரும். எழுதிவைக்காத சோதனை எதையும் பிடிக்காது.

ஒருவர் கையில் எல்லாம்

அடுத்தது, ஒருவர் மட்டுமே சேர்ப்பார், மற்றவர்கள் அவரிடம் கொடுப்பார்கள் என்பது. உடனே லினக்ஸை எடுத்துக்காட்டுவார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 முதல் அதன் தலைமையில் இருக்கிறார் என்பது உண்மை. அவர் ஒவ்வொரு வரியையும் படித்துச் சேர்க்கிறார் என்பது உண்மை அல்ல. எந்தப் பகுதிக்கு யார் பராமரிப்பாளர் என்று ஒரு நீண்ட கோப்பே லினக்ஸ் நிரலுக்குள் இருக்கிறது. மாற்றங்கள் முதலில் அவர்களிடம் போய், வடிகட்டி மேலே வருகின்றன. ஒற்றைத் தலைவரின் கீழ் நடப்பதாகத் தோன்றுவது உண்மையில் பல அடுக்குள்ள நிர்வாகம்.

பைத்தான் என்ற நிரல் மொழியின் கதை இன்னும் பயனுள்ளது. அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். ஒரு புதிய தொடரமைப்பைப் பற்றிய சண்டை ஓய்ந்த கையோடு வந்த முடிவு அது. அடுத்தவர் என்று யாரையும் அவர் கைகாட்டவில்லை. எப்படி ஆள்வது என்பதைப் பங்களிப்பாளர்கள் பல மாதங்கள் விவாதித்து, 2019 தொடக்கத்தில் ஐவர் கொண்ட குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பைத்தான் அளவுக்கு ஆள்பலம் இருந்ததால் அந்த இடைவெளியைத் தாண்டியது. பத்துப் பேர் குழுவில் அப்படி ஒரு இடைவெளி வந்தால் அதோடு கதை முடிந்தது.

ஒற்றை ஆள் ஏற்பாட்டின் ஆபத்தை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் உலகத்துக்கே காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு நிரல் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பராமரித்ததோ சோர்ந்துபோன ஒரே தன்னார்வலர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தார். வேறு சில பெயர்களிலிருந்து, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் ஒப்படையுங்கள் என்று நெருக்கடி வந்தது. கடைசியில் உரிமை கைமாறியது. பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக்கதவு புகுந்தது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், வெளிக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. இதைப் படித்துவிட்டுப் புதியவர்கள் யாரையும் நம்பக்கூடாது என்று சிலர் பாடம் எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சோர்ந்துபோன ஒருவரைத் தனியாக விட்டதுதான் அங்கே திறந்து கிடந்த கதவு.

நம் ஊரில் சதி எல்லாம் வேண்டியதில்லை. அந்த ஒருவருக்கு வெளிநாட்டுப் பணி அமைந்தால் போதும், அல்லது வீட்டில் குழந்தை பிறந்தால் போதும். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை: இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் அவருடைய கடன் அட்டையில் போகும். நீட்சியை வெளியிடும் கணக்கு அவருடைய தனி மின்னஞ்சலில் இருக்கும். அவர் பதில் சொல்லாத மாதத்தில் முகவரி காலாவதியாகும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. சண்டையை முடித்துவைக்க ஓர் ஆள் இருப்பார். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற வழக்கில் சொற்பிழை திருத்தி ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். அதை வாக்கெடுப்பில் விட்டால் பொங்கல் வரை ஓடும். இலக்கணத் தீர்ப்புகளை மட்டும் தமிழாசிரியர் ஒருவரிடமே விட்டுவிடலாம் என்பது என் யோசனை. நிரலின் பொறுப்பை அப்படி விட முடியாது.

மின்னஞ்சலில் திருத்தம்

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்களுக்கு அது பொருந்தாது. மாற்றத்தை மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்புவது, மற்றவர்கள் அதன் கீழேயே வரிவரியாகக் கருத்துச் சொல்வது. லினக்ஸும், நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டும் இன்றுவரை இப்படித்தான் நடக்கின்றன. எந்த நிறுவனத்தின் கணக்கும் தேவையில்லை. எல்லாப் பேச்சும் ஆவணமாக நிற்கும். கொள்கை அளவில் எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் வடிவமைப்பு இல்லாத வெறும் எழுத்தில் மின்னஞ்சல் அனுப்புவது எப்படி என்று இன்றைய மாணவருக்குக் கற்றுக்கொடுப்பதற்குள் அவருடைய இரண்டு ஞாயிறுகள் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், குழுவில் மின்னஞ்சலில் மிக வசதியாக இருப்பவர் தமிழாசிரியர். அவரை கிட் கற்றுக்கொள்ளச் சொல்வது அபத்தம். அவர் சொற்களை ஒரு பகிர்வு அட்டவணையில் நிரப்பட்டும், மாணவர் ஒருவர் வாரம் ஒருமுறை அதை எடுத்துச் சேர்க்கட்டும். கிட் தன் ஒவ்வொரு பதிவிலும் எழுதியவர், பதிந்தவர் என்று இரண்டு பெயர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. கருவியைத் தொடாமலே ஆசிரியரின் பெயர் எழுதியவர் என்ற இடத்தில் நிற்கும். வரலாற்றில் பெயர் பதிவது தன்னார்வலருக்குக் கிடைக்கும் ஒரே கூலி. அதைச் சேர்த்த மாணவரின் பெயரில் போட்டுவிடுவது திருட்டுக்குச் சமம்.

கோரிக்கையும் இரண்டு மூன்று பராமரிப்பாளர்களும்

நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒவ்வொருவரும் தன் நகலில் மாற்றத்தைச் செய்து, சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கை அனுப்புவது. புல் ரிக்வெஸ்ட் என்று எல்லாருக்கும் பழகிய முறை. மூன்று பகுதிகளுக்கும் தலா ஒரு பராமரிப்பாளர், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள். எந்தக் கோப்பில் மாற்றம் வந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதைக் நிரல் களஞ்சியத்துக்குள் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், நிரலை வைக்கும் தளமான கிட்ஹப் தானாகவே அனுப்பிவிடும். பத்துப் பேருக்கும் அறிவிப்புப் போனால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒருவருக்குப் போனால் அவர் பார்ப்பார்.

பராமரிப்பாளர் பார்க்காவிட்டால்? இங்கே பல பொது நிரல்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் வழக்கம் ஒன்றைக் கடன் வாங்கலாம். ஒரு யோசனையை முன்வைத்து 72 மணி நேரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அங்கே பழக்கம். நிரல் மாற்றத்தை ஒருவர் தடுக்கலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. பல நேர மண்டலங்களில் பரவிய குழுக்களுக்கு 72 மணி நேரம் சரிதான். நமக்கு அது பற்றாது. திங்கள் காலை அனுப்பிய கோரிக்கையின் கெடு வியாழனோடு முடிந்துவிடும். நம் ஆட்கள் கணினியைத் திறப்பதோ ஞாயிற்றுக்கிழமை. ஆகவே கெடு ஏழு நாள் என்று வைக்க வேண்டும். எந்தக் கிழமையில் அனுப்பினாலும் நடுவே ஒரு ஞாயிறு வந்துவிடும். அதற்குள் பராமரிப்பாளரோ மாற்று ஆளோ வாய் திறக்காவிட்டால், சோதனைகள் தேறிய மாற்றத்தை வேறு எந்த உறுப்பினரும் படித்துப் பார்த்துச் சேர்க்கலாம். என் முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

குறைகள் இதற்கும் உண்டு. 2020 அக்டோபரில், பொது நிரல்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சிக்காக, நான்கு கோரிக்கை அனுப்பினால் டி-ஷர்ட் என்றவுடன், விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைக் கூட்டியும் குறைத்தும் குப்பைக் கோரிக்கைகள் உலகெங்கும் குவிந்தன. அதில் நம் நாட்டு மாணவர்களின் பங்கு கணிசம் என்பதை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். விரும்பும் திட்டங்கள் மட்டுமே பங்கேற்கும் என்று அமைப்பாளர்கள் அந்த மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். இப்போது இயந்திரம் எழுதித் தரும் நீளமான திருத்தங்கள் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. எழுதுவதற்கு ஒரு நிமிடம், படிப்பதற்கு ஒரு மணி நேரம். அனுப்புகிறவர் தன் மாற்றத்தைத் தன் சொற்களில் மூன்று வரியில் விளக்க வேண்டும், புதிய விதி சேர்த்தால் அதற்கான சோதனையையும் சேர்க்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டால் பெருமளவு வடிகட்டப்படும். உண்மையான மாணவருக்கு இவை சுமையே அல்ல.

எழுத்தில் சரிபார்ப்பதால் வேறொரு நன்மையும் உண்டு, நம் ஊர்க் குழுக்களில் அதன் அருமை தெரியும். நேரில் கூடும்போது இரண்டாம் ஆண்டு மாணவர், பதினைந்து ஆண்டு அனுபவசாலியை ‘சார்’ என்று அழைத்துவிட்டு அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிடுவார். அதே மாணவர் திரையில், இந்த விதி ‘பாடசாலை’க்குப் பொருந்தவில்லையே என்று தயங்காமல் எழுதுகிறார். வயதுக்கு மரியாதை கொடுக்கும் பண்பாடு நல்லதுதான். நிரலின் பிழை, அதாவது வழு, அதை மதிப்பதில்லை.

எங்கே வைப்பது

நான்கு வழிகள்: கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் ஆகிய தளங்கள், சொந்த சர்வர்.

கிட்ஹப் 2008இல் தொடங்கியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. மாணவர்கள் அனைவருக்கும் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரும்பாலான தமிழ்த் திட்டங்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. எதிர்த்துச் சொல்ல இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, யாரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை மூடிய தளத்தில் வைப்பதா என்ற கொள்கைக் கேள்வி. இதைக் கிண்டல் செய்கிறவர்கள் கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு, தளத்தின் கதவு நம் கையில் இல்லை. 2014 டிசம்பரில் இந்தியாவில் அரசு உத்தரவால் முடக்கப்பட்ட 32 தளங்களில் கிட்ஹப்பும் ஒன்று. சில நாட்களில் திறந்தார்கள் என்றாலும் முடங்கியது முடங்கியதுதான். 2019இல் அமெரிக்க வணிகத் தடை காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா பகுதிகளின் நிரலாளர்கள் பல வசதிகளை இழந்தார்கள்.

கிட்லேபை சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். டெபியன், கினோம் ஆகிய பெரிய கட்டற்ற திட்டங்கள் 2018இல் அப்படித்தான் அதற்கு மாறின. ஆனால் அது கனமான மென்பொருள், சிறு குழுவின் சர்வர் தாங்காது. கோட்பெர்க் பெர்லினில் உள்ள லாபநோக்கற்ற சங்கம் நடத்தும் தளம். அது இயங்கும் ஃபோர்ஜெயோ என்ற மென்பொருள் மிக இலகுவானது, கட்டற்றதும்கூட. குழுவில் கொள்கைப் பிடிப்புள்ள இரண்டு மூன்று பேர் இருந்து, கிட்ஹப் என்றால் நாங்கள் வரமாட்டோம் என்று சொன்னால் வாதாட வேண்டாம், கோட்பெர்க்குக்குப் போய்விடுங்கள். அப்படிப்பட்டவர்கள்தான் பத்தாண்டு கழித்தும் திட்டத்தில் இருப்பார்கள்.

சொந்த சர்வர் என்ற ஆசை சென்னை நிரலாளர் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை வந்து போகும். ஃபோர்ஜெயோவை ஒரு சின்ன ராஸ்ப்பெரி பை கணினியில் வீட்டிலேயே ஓட்டலாம். ஓட்டலாம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பல நாட்கள் மின்சாரமும் இல்லை, கைபேசி அலைவரிசையும் இல்லை. 2015 வெள்ளத்தில் நகரத்தின் பெரும்பகுதிக்கே அந்தக் கதி. வெளியில் மாத வாடகைக்கு எடுத்தால் செலவு சில நூறு ரூபாய்தான், பணம் பிரச்சினையல்ல. பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் போடுவது யார், காப்பு நகல் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்ப்பது யார்? அந்த ஆள் தேர்வுக்குப் போனால்? என் இரண்டாவது கேள்வியில் சொந்த சர்வர் தோற்றுவிடுகிறது.

என் முடிவு: கிட்ஹப்பில் வைத்துவிட்டு, கோட்பெர்க்கில் தானாகப் புதுப்பிக்கப்படும் நகல் ஒன்றை வைத்துக்கொள்வது. நிரலைப் பற்றிய அச்சம் தேவையில்லை. கிட்டின் அமைப்பே ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் முழு வரலாற்றையும் வைக்கிறது. தளம் நாளை மூடினாலும் பத்து நகல்கள் இருக்கும். நகலாகாமல் போவது வழுப்பட்டியலும் அதன் கீழே நடந்த விவாதங்களும்தான். ஏன் இந்த விதி இப்படி எழுதப்பட்டது என்பதற்கான விடை அங்கேதான் கிடக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை அவற்றையும் இறக்கி, களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்புறையில் போட்டுவைக்க வேண்டும். இதற்குச் சிறு நிரல் எழுதுவது முதலாண்டு மாணவருக்கு நல்ல முதல் வேலை.

பேச்சு எங்கே

வாட்ஸ்அப் குழுவைத் தடுக்க முடியாது; தடுத்தாலும் இன்னொன்று முளைக்கும். ஆனால் அங்கே எல்லாருடைய கைபேசி எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது, மாணவிகள் சிலர் சேரத் தயங்குவதற்கு அதுவே காரணம். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், புதிதாக வந்தவரும் பழைய பேச்சைப் படிக்கலாம். ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் 90 நாளுக்கு மேற்பட்ட செய்திகளைப் பார்க்க முடிவதில்லை, ஆண்டில் இரண்டு முறை காணாமல் போகிறவர்களுக்கு அது உதவாது. சூலிப் என்ற இன்னொரு அரட்டைச் செயலியில் பேச்சுகள் தலைப்புவாரியாகப் பிரிந்திருப்பதால் இரண்டு மாதம் கழித்து வருகிறவர் தனக்கு வேண்டியதை மட்டும் படித்து முடிப்பார். தரத்தில் அதுவே முதல். பழக்கத்தில் கடைசி. பத்துப் பேருக்கு இன்னொரு செயலியை நிறுவச் சொல்லும் தெம்பு எனக்கில்லை, டெலிகிராமே போதும்.

எந்தச் செயலி என்பதைவிட ஒரு விதி முக்கியம். அரட்டையில் பேசி முடித்ததை முடிவாகக் கொள்ளக் கூடாது. பேசியவர்களில் ஒருவர் வழுப்பட்டியலில் நான்கு வரி எழுதிய பிறகே அது முடிவு. பத்துப் பேருக்குள் 45 ஜோடிகள் உண்டு; ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் பேசிக்கொண்டதை மற்ற எட்டுப் பேர் எங்கே போய்த் தேடுவார்கள்?

நேர்ச்சந்திப்பு மாதம் ஒன்று போதும். தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிறவர்களுக்கு நடுவாக ஓர் இடம் பார்த்துக்கொண்டால் சரி. புதியவரின் மடிக்கணினியில் எல்லாவற்றையும் நிறுவிக் கொடுக்கவும், எழுத்தில் முற்றிய மனத்தாங்கலை டீ குடித்துக்கொண்டே தீர்க்கவும் நேரில் பார்ப்பதற்கு மாற்று இல்லை. வராதவரைக் கட்டுப்படுத்தும் முடிவை மட்டும் அங்கே எடுக்கக் கூடாது.

உரிமம் பற்றி

இதில் ஒப்பிட அதிகம் இல்லை, தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். பின்னால் உரிமத்தை மாற்ற நினைத்தால், அதுவரை எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் அப்போது எந்த நாட்டில் இருப்பார்களோ. நிரலுக்கு ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, சொற்பட்டியலுக்குத் தனியாக ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று முதல் நாளே எழுதிவைப்பது நல்லது.

வேலையில் இருப்பவர்கள் தங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படிக்க வேண்டும். ஊழியர் எழுதுவது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று வரையறை இல்லாமல் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் இங்கே சாதாரணம். லினக்ஸ் மேல் வழக்குகள் பாய்ந்த காலத்தில், 2004இல், லினக்ஸ் நிரலாளர்கள் ஒரு எளிய வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: ஒவ்வொரு மாற்றத்தின் கீழும், இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்பதற்கு அடையாளமாக அனுப்புகிறவர் தன் பெயரை ஒரு வரியில் ஒப்பமிடுவது. பத்திரம் எதுவும் கையெழுத்திட வேண்டாம். எங்களுக்கும் அதுவே போதும்.

மீதியிருப்பது ஆள் தேர்வு. சொற்பட்டியலுக்கும் இலக்கண விதிகளுக்கும் பராமரிப்பாளர்கள் தெளிவாகிவிட்டார்கள். நீட்சிக்கு இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஒருவர் இறுதியாண்டு மாணவி. நீட்சியின் பெரும்பகுதியை எழுதியவரே அவர்தான், ஆனால் மே மாதத்துக்குப் பிறகு எந்த ஊரில் வேலை கிடைக்குமோ தெரியாது. இன்னொருவர் பெருங்குடியில் வேலை செய்கிறவர். நிரல் ஓரளவுதான் தெரியும், ஆனால் சென்னையை விட்டு நகர மாட்டார். நிலையாக இருப்பவருக்கே கொடுக்கலாம் என்பது குழுவில் பலருடைய எண்ணம். நான் மாணவிக்கு வாக்களிக்கிறேன், மற்றவர் மாற்று ஆளாக இருக்கட்டும். போகப்போகிறவர் என்பதாலேயே பொறுப்பை இப்போதே கொடுத்தால், டிசம்பர் தேர்வுக்கு முன்னால் கிடைக்கும் வாரங்களில் அவர் மற்றவருக்கு நிரலைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் வரும். நீட்சியை வெளியிடும் கணக்கின் கடவுச்சொல் இருவரிடமும் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.